நூலகர் பதில்கள்: அலமாரியிடம் எப்படிக் கேட்பது?

கிளை நூலகங்களிலும் மாவட்ட மைய நூலகத்திலுமாக முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி ஓய்வுபெற்ற நூலகர் ஒருவர் இப்பகுதியில் வாசகர்களுக்குப் பதிலளிக்கிறார். எதைப் படிப்பது, நூலகத்தில் புத்தக இரவல் தவிர வேறென்ன நடத்தலாம் என்ற இரண்டையும் பற்றியே இம்மாதம் பெரும்பாலான கடிதங்கள் வந்துள்ளன. எழுதியவர்களின் பெயர்களை விடுத்து ஊர்ப்பெயரை மட்டும் தந்திருக்கிறோம்.

கேள்வி: என் மகன் ஆறாம் வகுப்புப் படிக்கிறான். பாடப்புத்தகம் தவிர எதையும் தொடுவதில்லை; கைப்பேசியை வாங்கி வைத்தால் அழுகிறான். ஊர் நூலகத்தில் உறுப்பினராகச் சேர்த்துவிட்டேன். எந்தப் புத்தகம் கொடுத்தால் படிக்கத் தொடங்குவான் ஐயா?
— ஒரு தாய், பட்டுக்கோட்டை

பதில்: அம்மா, சனிக்கிழமை காலைகளில் என் மேசைக்கு முன்னால் அடிக்கடி நடந்த ஒன்றைச் சொல்கிறேன். பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வரும் தாய், “நல்ல நீதிக்கதையாப் பார்த்துக் கொடுங்க சார்” என்பார். அந்தச் சொல் காதில் விழுந்ததும் பிள்ளையின் முகம் கசப்பு மருந்தைக் கண்டதுபோல் ஆகிவிடும். நான் தாயை வார இதழ்கள் கிடக்கும் மேசைக்கு அனுப்பிவிட்டு, பிள்ளையிடம் கடைசியாக எதற்கு விழுந்து விழுந்து சிரித்தாய், எதைக் கண்டால் பயம் என்று இரண்டே கேள்விகள் கேட்பேன். பிறகு ஐந்தாறு புத்தகங்களை மேசைமீது பரப்பிவிட்டு, பார்க்காததுபோல் என் வேலையைக் கவனிப்பேன். பெரும்பாலும் அவற்றுள் மிக மெல்லியதைத்தான் பிள்ளை எடுக்கும். எடுக்கட்டும். முதல் புத்தகம் அன்றே முடிந்துவிட வேண்டும் என்பதே என் எண்ணம். ஒரு புத்தகத்தை முழுதாக முடித்துவிட்டோம் என்ற பெருமை வேறு எதனாலும் வருவதில்லை.

உங்கள் மகனுக்கு ஆர்வம் இல்லை என்று முடிவுகட்டும் முன் ஒன்றைச் சோதித்துப் பாருங்கள். அவன் எடுத்த புத்தகத்தின் நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். ஒரே பக்கத்தில் ஐந்தாறு இடங்களில் எழுத்துக்கூட்டித் தடுமாறினால், அந்தப் புத்தகம் அவனுக்கு இன்னும் கடினம் என்று பொருள். ஆறாம் வகுப்பு மாணவன் மூன்றாம் வகுப்புக்கு ஏற்ற புத்தகத்தைப் படிப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இதை உணர்ந்துதான் பள்ளிக்கல்வித் துறை தன் வாசிப்பு இயக்கத்துக்காக வெளியிட்ட சிறு நூல்களை ‘நுழை, நட, ஓடு, பற’ என நான்கு படிகளாகப் பிரித்தது. அவன் அரசுப் பள்ளியில் படிப்பவனானால் அந்நூல்கள் அங்கேயே கிடைக்கக்கூடும்; வகுப்பாசிரியரிடம் கேளுங்கள்.

சித்திரக்கதை படித்தால் கெட்டுப்போவான் என்று பயப்பட வேண்டாம். சிவகாசியிலிருந்து வந்த முத்து காமிக்ஸையும் லயன் காமிக்ஸையும் பள்ளிப்பையில் ஒளித்துவைத்துப் படித்தவர்கள்தாம் பிற்காலத்தில் என் நூலகத்தின் தடித்த நாவல்களைக் காலி செய்தார்கள். இன்னொரு வழியும் உண்டு. இரவில் நீங்களே ஒரு கதையை உரக்கப் படியுங்கள். கதாநாயகன் கிணற்றுக்குள் விழும் இடம் வந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு விளக்கை அணைத்துவிடுங்கள். ‘தொடரும்’ என்ற ஒரே சொல்லை வைத்து வார இதழ்கள் நம் வீட்டுப் பெரியவர்களை எத்தனை ஆண்டுகள் வாசலில் காத்திருக்க வைத்தன! அதே வித்தைதான். மறுநாள் காலையில் அவன் எடுத்துப் படித்திருந்தால், அதைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்காதீர்கள். கதையின் நீதி என்ன என்றும் கேட்காதீர்கள்.

கேள்வி: வயது 67. இளமையில் வார இதழ்த் தொடர்கதைகளை ஒன்றுவிடாமல் படித்தவன். பணியில் சேர்ந்தபின் நாற்பது ஆண்டுகள் படிப்பே இல்லாமல் போயிற்று. இப்போது நூலகத்துக்குப் போனால் அலமாரிகளைப் பார்த்துத் திகைத்து, நாளிதழை மட்டும் புரட்டிவிட்டுத் திரும்புகிறேன். கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்தது. எதிலிருந்து தொடங்கலாம்?
— ஈரோடு

பதில்: இரவல் தரும் புத்தகங்களின் அட்டையின் உட்புறத்திலோ கடைசிப் பக்கத்திலோ, திருப்பித் தரவேண்டிய தேதியை முத்திரையிடும் தாள் ஒன்று ஒட்டப்பட்டிருக்கும். கணினி வந்தபின் சில நூலகங்களில் அது ஓய்ந்துவிட்டது. பழைய புத்தகங்களில் இன்னும் இருக்கிறது. புத்தகத்தை எடுத்ததும் முன்னட்டையைப் பார்க்காமல் அந்தத் தாளைப் பாருங்கள். ஊதா மையில் நெருக்கமாகத் தேதிகள் விழுந்து, இடம் போதாமல் மேலே இன்னொரு தாள் ஒட்டியிருந்தால், உங்கள் ஊர்க்காரர்கள் பலர் அதை விரும்பிக் கொண்டுபோயிருக்கிறார்கள். அடுத்தடுத்த இரண்டு முத்திரைகளுக்கு இடையே மூன்று நான்கு நாள்கள்தாம் என்றால், ஒரே மூச்சில் படித்துவிட்டுத் திருப்பியிருக்கிறார்கள். அடுத்து இதை எடுங்கள் என்று பல வாசகர்களுக்கு நான் சொன்ன துணிச்சலில் பாதி அந்தத் தாளிலிருந்து பிறந்ததுதான். எழுதியவர் யார் என்றுகூட அறியாத நூல்களை அதை நம்பியே எடுத்துக் கொடுத்து நல்ல பெயர் வாங்கியிருக்கிறேன்.

தொடர்கதை வாசகராகிய உங்களுக்கு நான் முதலில் எடுத்துத் தருவது உ.வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’. தடிமனைக் கண்டு மலைக்க வேண்டாம். 1940-இல் ஆனந்த விகடனில் தொடராக வரத் தொடங்கிய நூல் அது. ஒவ்வொரு அத்தியாயமும் ஒரு வார இருக்கைக்கு அளவானது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்கப் போன பிள்ளை, அவர் வாயிலிருந்து ஒரு பாட்டு எப்போது வரும் என்று ஏங்கி நிற்கும் பக்கங்களில் உங்களுக்குப் பழைய ‘தொடரும்’ சுவை திரும்பக் கிடைக்கும். 1942-இல் ஆசிரியர் மறைந்ததால் வரலாறு பாதியில் நிற்கிறது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்; கடைசிப் பக்கத்தை எட்டியபின் என்னைத் திட்டக் கூடாது.

அதன் பிறகு அசோகமித்திரனின் ‘தண்ணீர்’. சென்னையின் குடிநீர்ப் பஞ்சத்தை வைத்து எழுதப்பட்ட சிறு நாவல். இரண்டு மாலைகளில் முடிந்துவிடும். நாவல் என்றாலே சம்பவங்கள் அடுக்கடுக்காக வர வேண்டும் என்று தொடர்கதைகள் பழக்கிய மனத்துக்கு, ஒரு தெருக் குழாயடியை வைத்துக்கொண்டே எவ்வளவு சொல்லிவிடலாம் என்று காட்டும். பிடிக்காவிட்டால் பாதியில் திருப்பிக் கொடுங்கள். பிடிக்காத புத்தகத்தைக் கடமைக்காக முடிப்பவர்கள் மறுபடி நூலகப் பக்கம் வருவதில்லை என்பது என் அனுபவம்.

கண்ணுக்காக ஒரு யோசனை: ஒரே நூலுக்குப் பல பதிப்புகள் இருந்தால் எழுத்துப் பெரிதாக உள்ளதைக் கேட்டு வாங்குங்கள், மலிவுப் பதிப்புகளில் எழுத்துப் பொடியாக இருக்கும். உங்கள் நூலகத்தில் பழைய வாசகர் எவராவது வாரந்தோறும் தொடர்கதையைக் கிழித்துச் சேர்த்துப் பைண்டு செய்து நன்கொடையாகக் கொடுத்த தொகுதிகள் இருக்கின்றனவா என்றும் விசாரியுங்கள். நீங்கள் இளமையில் பார்த்த அதே ஓவியங்களோடு, இடையில் வந்த பற்பொடி விளம்பரத்தோடும், கதை உங்களுக்குக் கிடைக்கலாம்.

கேள்வி: எங்கள் கிளை நூலகம் திறந்த அரைமணிக்குள் எல்லா நாற்காலிகளிலும் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்கள் அமர்ந்துவிடுகிறார்கள். சொந்தப் புத்தகத்தைத்தான் படிக்கிறார்கள். நூலகப் புத்தகம் ஒன்றைக்கூடத் தொடுவதில்லை. நாளிதழ் படிக்க வரும் முதியவர்கள் நிற்கிறோம். இது நியாயமா?
— விருத்தாசலம்

பதில்: உங்கள் கால்வலி எனக்குப் புரிகிறது. ஆனாலும் அந்தப் பிள்ளைகளை எழுப்பிவிடுமாறு உங்கள் நூலகருக்கு எழுத என் மனம் ஒப்பவில்லை. ஒற்றை அறை வீட்டில் தொலைக்காட்சியும் கைக்குழந்தையும் இருக்க, மேசை நாற்காலி என்று எதுவும் இல்லாமல் குரூப் 4 தேர்வுக்குப் படிக்கும் ஒரு பெண்ணுக்கு ஊரில் செலவில்லாமல் கிடைக்கும் ஒரே அமைதியான இடம் நூலகம். அதே வேளையில், நாள் முழுவதும் நாற்பது பேர் உட்கார்ந்திருந்தும் மாலையில் இரவல் பதிவேட்டைப் பார்த்தால் ஐந்தாறு புத்தகங்களே போயிருக்கும் நாள்களில் நானும் சோர்ந்திருக்கிறேன். அலமாரிகள் சுவர்போல் நிற்க, நூலகம் வெறும் படிப்புக் கூடமாகிவிடும்.

பெரிய நூலகங்கள் இதற்கு வழி செய்துவிட்டன. 2010-இல் கோட்டூர்புரத்தில் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் படிப்பவர்களுக்குத் தனிப் பகுதி உண்டு. அதேபோல் போட்டித் தேர்வு எழுதுபவர்களை மனத்தில் வைத்து 2023-இல் மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் அமைந்தது. ஒரே கூடம் உள்ள கிளை நூலகத்தில் தனிப் பகுதிக்கு இடமில்லை. ஒரு மேசையை ஒதுக்க இடமுண்டு. வாசலுக்கு அருகில், வெளிச்சம் விழும் மேசையை நாளிதழுக்கு என்று எழுதி ஒட்டச் சொல்லுங்கள். எழுதி ஒட்டாத விதி நம் ஊரில் செல்லாது.

நான் இன்னொன்றையும் செய்து பார்த்தேன். நாள்தோறும் வரும் இளைஞர்களிடம், ஞாயிறு காலை ஒரு மணி நேரம் சிறுவர் பகுதியில் கதை சொல்ல முடியுமா என்று கேட்டேன். முதலில் ஒரே ஒரு பெண்தான் முன்வந்தார். நாளெல்லாம் பொது அறிவு படித்த பழக்கத்தில், நரி ஆற்றைக் கடக்கும் கதையை நிறுத்தி, அது எந்த ஆறு, எங்கே உற்பத்தியாகிறது என்று குழந்தைகளைக் கேட்டார். அவர்களும் போட்டி போட்டுக் கொண்டு விடை சொன்னார்கள். நான் நினைத்த கதைநேரம் அதுவல்ல. ஆனால் அடுத்த ஞாயிறு குழந்தைகள் அவரைத் தேடி வந்தார்கள். அவரும் கதைப் புத்தகம் தேடி அலமாரிக்குள் போனார்.

கேள்வி: கேட்கும் புத்தகம் எதுவானாலும் “வந்தால் தருகிறேன்” என்கிறார் எங்கள் நூலகர். வாங்கி வைக்கக் கூடாதா? அவருக்கு அக்கறை இல்லையா?
— திருப்பத்தூர்

பதில்: அவர் சொல்வது உண்மையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். கிளை நூலகரின் கையில் புத்தகம் வாங்கும் பணம் இருப்பதில்லை. நம் நூலகங்களுக்கு அடிப்படை 1948-இல் சென்னை மாகாணத்தில் நிறைவேறிய பொது நூலகச் சட்டம். சீர்காழியில் பிறந்து இந்திய நூலகவியலுக்கே தந்தையான எஸ்.ஆர். அரங்கநாதனின் நெடுநாள் முயற்சிக்கு, அன்றைய கல்வி அமைச்சர் அவினாசிலிங்கம் செட்டியார் சட்ட வடிவம் கொடுத்தார். நீங்கள் செலுத்தும் சொத்துவரியில் ஒவ்வொரு ரூபாய்க்கும் 10 பைசா நூலக வரியாகச் சேர்கிறது. உள்ளாட்சி அமைப்பு அதை வசூலித்து மாவட்ட நூலக ஆணைக்குழுவிடம் கொடுக்க வேண்டும். கொடுப்பதில் நிலுவை விழுந்தால் புத்தகமும் நாளிதழும் நாற்காலியும் சேர்ந்தே தள்ளிப்போகும். நூல் கொள்முதலும் பெரும்பாலும் மாநில அளவில் தேர்வாகி ஊர் ஊராகப் பிரித்து அனுப்பப்படுவது. ஆகவே உங்கள் ஊரில் யாரும் கேட்காத சமையல் குறிப்பு நூலும் கட்டில் வரும். நீங்கள் கேட்ட நாவல் வராமலும் போகும்.

வாயால் கேட்ட கேள்வி நூலகர் மாறியதும் மறைந்துவிடும் என்பதால், கேட்பதை எழுதிக் கேளுங்கள். நூலின் பெயர், ஆசிரியர், பதிப்பகம் மூன்றையும் தெளிவாக எழுதி, அதே நூலை விரும்பும் நான்கைந்து பேரின் உறுப்பினர் எண்ணோடு கொடுத்தால், அது மாவட்ட நூலக அலுவலரின் மேசைவரை போகும். மாவட்ட மைய நூலகத்தில் அந்த நூல் இருக்கிறதா என்றும் கேளுங்கள். என்னிடம் இப்படி எழுதிக் கொடுத்தவர்கள் ஆண்டுக்கு ஒருவர் இருவர்தாம்; இல்லை என்று முணுமுணுத்துச் சென்றவர்களுக்குக் கணக்கில்லை. ஊரில் வசதியுள்ள ஒருவரை நூலகப் புரவலராகச் சேர்த்துவிடும் வழியும் உண்டு; சேர்ந்தவரின் பெயரைப் பலகையில் எழுதுவார்கள் என்பதை மறக்காமல் சொல்லுங்கள், வேலை எளிதில் நடக்கும்.

நீங்கள் தேடுவது பழைய நூல் என்றால், 1896-இல் திறக்கப்பட்ட எழும்பூர்க் கன்னிமாரா நூலகம்தான் முதல் இடம். 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி நாட்டில் அச்சாகும் ஒவ்வொரு நூலின் ஒரு படியும் பெறும் நான்கு நூலகங்களுள் அது ஒன்று. சென்னை போக முடியாதவர்கள் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தையும், 1998 பொங்கலன்று தன்னார்வலர்கள் தொடங்கிய மதுரைத் திட்டத்தையும் கைப்பேசியிலேயே திறந்து பார்க்கலாம்.

கேள்வி: ஈழத்து எழுத்தாளர்களின் பழைய நூல்களும் சிற்றிதழ்களும் எங்கள் ஊர் நூலகத்தில் இல்லை. வேறு வழி உண்டா?
— முதுகலை மாணவி, திருச்சிராப்பள்ளி

பதில்: உண்டு. 2005 முதல் இயங்கிவரும் ‘நூலகம்’ என்ற இணைய நூலகத்தில் ஈழத்து நூல்களும் இதழ்களும் நாளிதழ்களும் ஏராளமாக மின்வடிவில் கிடைக்கின்றன, கட்டணம் இல்லை. அத்தகைய முயற்சியில் அம்மக்கள் காட்டும் தீவிரத்துக்கு ஒரு பின்னணி இருக்கிறது. 1981 மே 31 நள்ளிரவை ஒட்டி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது, ஏட்டுச்சுவடிகள் உட்பட ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அவற்றுள் பலவற்றுக்கு வேறு படியே கிடையாது. உங்கள் ஆய்வேட்டுக்கு ஒரு சிற்றிதழைத் தேடும்போது, அதன் ஒவ்வொரு இதழையும் பட்டியலில் ஆண்டு வாரியாகப் பாருங்கள். விடுபட்ட இதழ் உங்களுக்குத் தெரிந்தவர் வீட்டில் இருந்தால் அந்த இணைய நூலகத்தாருக்கு எழுதுங்கள்.

கேள்வி: எங்கள் நூலகத்தில் வாசகர் வட்டம் பெயரளவுக்கு இருக்கிறது. நவம்பர் 14 முதல் 20 வரை நூலக வாரவிழா வந்தால்தான் கூடுகிறோம். மாதந்தோறும் கூட்ட முயன்றோம். முதல் மாதம் முப்பது பேர், மூன்றாம் மாதம் நான்கு பேர். எங்கே தவறினோம்? அழைப்பிதழை இணைத்துள்ளேன்.
— வாசகர் வட்டப் பொறுப்பாளர், கோவில்பட்டி

பதில்: அழைப்பிதழை அனுப்பியது நல்லதாயிற்று, விடை அதிலேயே இருக்கிறது. தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, தலைமை, முன்னிலை மூவர், வாழ்த்துரை நால்வர், சிறப்புரை, நன்றியுரை என்று எண்ணிப் பார்த்தேன். மேடைக்கு மட்டும் பதினொரு பேர். பேசப்படும் நூலின் பெயர் கடைசிக்கு முந்தைய வரியில், சிறிய எழுத்தில் இருக்கிறது. கூட்டத்துக்கு வந்த வாசகர் இரண்டரை மணி நேரத்தில் வாய்திறப்பது தேநீர் குடிக்க மட்டும்தான் என்றால், மூன்றாம் மாதம் வந்த அந்த நான்கு பேரை நான் கையெடுத்துக் கும்பிடுவேன்.

உங்களைக் கேலி செய்வதாக நினைக்க வேண்டாம். நானும் பல ஆண்டுகள் இதையேதான் செய்தேன். ஒருமுறை சிறப்புரையாளரின் பேருந்து எங்கோ நின்றுவிட்டது. மாலை வாடிக்கொண்டிருந்தது, பொன்னாடை நெகிழிப் பைக்குள் மடித்தபடி இருந்தது, போதாக்குறைக்கு மின்சாரமும் போயிற்று. எழுந்து போனவர்கள் போக எஞ்சிய பதினைந்து பேரை எப்படி உட்கார வைப்பது என்று தெரியாமல், மேசையில் கிடந்த சிறுகதைத் தொகுதியை எடுத்து ஒரு ஆசிரியையிடம் கொடுத்தேன். அவர் மெழுகுவத்தி வெளிச்சத்தில் படிக்கத் தொடங்கினார். இரண்டு பக்கம் முடிந்ததும் கண் வலிக்கிறது என்று பக்கத்தில் இருந்தவரிடம் நீட்டினார். புத்தகம் கைமாறிக் கைமாறிப் போயிற்று. கதை முடிந்தபோது மிதிவண்டிக் கடை வைத்திருந்த ஒருவர், அந்த அப்பன் செய்தது அநியாயம் என்றார். இன்னொருவர் மறுத்தார். சிறப்புரையாளர் வந்து சேர்ந்தபோது சண்டை உச்சத்தில் இருந்தது. யாரும் அவரைக் கவனிக்கவில்லை. நல்ல மனிதர் அவர். ஓர் ஓரமாக நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு தாமும் சேர்ந்து வாதாடினார். அடுத்த மாதம் முதல் எங்கள் கூட்டத்தில் மேடை கிடையாது.

ஆகையால் உங்களுக்கு நான் சொல்வது: நாற்காலிகளை வட்டமாகப் போடுங்கள். பத்துப் பக்கத்துக்கு மேற்படாத ஒரே ஒரு கதையை எடுத்துக்கொள்ளுங்கள். முன்கூட்டியே படித்து வரச் சொல்லாதீர்கள். படிக்காதவர்கள் கூச்சப்பட்டு வராமல் நின்றுவிடுவார்கள். அங்கேயே, ஆளுக்கு ஒரு பத்தியாக உரக்கப் படியுங்கள், எழுத்தறியாதவரும் கேட்டுக்கொண்டிருக்கலாம். முதல் கருத்தை வயதில் மிக இளையவர் சொல்ல வேண்டும் என்று ஒரு விதி வைத்துவிடுங்கள். தமிழாசிரியர் முதலில் பேசிவிட்டால் பிறகு எவருக்கும் வாய் வராது. ஒன்றேகால் மணி நேரத்தில் முடித்துவிடுங்கள், விவாதம் சூடாக இருந்தாலும். சூடு ஆறாமல் வீட்டுக்குப் போனவர்தான் அடுத்த மாதம் வருவார்.

எந்தக் கதை என்பதற்கு நீங்கள் வெளியே தேடவே வேண்டாம். உங்கள் ஊருக்குப் பக்கத்து இடைசெவல் கு. அழகிரிசாமியையும் கி. ராஜநாராயணனையும் தந்தது, இருவருமே சாகித்திய அகாதெமி விருது பெற்றவர்கள். அழகிரிசாமியின் ‘ராஜா வந்திருக்கிறார்’ கதையைத் தீபாவளிக்கு முந்தைய கூட்டத்தில் படியுங்கள். புதுத்துணியைப் பற்றிக் குழந்தைகள் போட்டி போட்டுப் பேசும் கதை அது; கடைசிப் பத்தி எவர் கைக்கு வருகிறதோ அவர் குரல் உடையக்கூடும் என்பதால் சற்றே திடமானவரை அந்த இடத்தில் அமர்த்துங்கள். இன்னொரு மாதம் புதுமைப்பித்தனின் ‘பொன்னகரம்’. இரண்டு மூன்று பக்கம்தான். ஆனால் அம்மாளுவின் செயலைப் பற்றி ஆண்களும் பெண்களும் ஒரே மாதிரி பேசி நான் கேட்டதில்லை. கி.ரா.வின் ‘கோபல்ல கிராம’த்திலிருந்து ஒரு பகுதியைப் படிக்கும் மாதம் கரிசல்காட்டு முதியவர்களை அழைத்து வாருங்கள், நகரத்துக்காரர்கள் அகராதியைப் புரட்டும் சொற்களுக்கு அவர்கள் அங்கேயே பொருள் சொல்வார்கள். அவர்கள் வாயிலிருந்து வரும் சொற்களையும் சொலவடைகளையும் ஒரு நோட்டில் எழுதி வைத்தால், வாசகர் வட்டத்துக்கு ஆண்டுமுழுதும் செய்ய வேலை இருக்கும்.

சிறப்புரையே கூடாது என்று நான் சொல்லவில்லை. அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் ‘பொன்மாலைப் பொழுது’ நிகழ்ச்சிக்கு வருகிறவர்கள் அந்தப் பேச்சாளரைக் கேட்பதற்கென்றே வருகிறார்கள். அது வேறு வகைக் கூட்டம். நீங்களும் ஆண்டுக்கு ஒருமுறை, வாரவிழாவுக்கு, பொன்னாடையோடு நடத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் மாமியாருக்கு 74 வயது, வாழ்நாள் வாசகர். மூட்டுவலியால் படியிறங்க முடியவில்லை. நானும் வேலைக்குப் போகிறேன். வீட்டுக்குப் புத்தகம் தர ஏற்பாடு உண்டா?
— சேலம்

பதில்: இதற்காகவே ‘நூலக நண்பர்கள்’ என்ற திட்டம் தமிழ்நாட்டில் இருக்கிறது. நூலகத்துக்கு வர இயலாத முதியவர்கள், மாற்றுத்திறனாளிகள் போன்றோரின் வீட்டுக்குத் தன்னார்வலர்கள் புத்தகம் கொண்டுவந்து கொடுத்துத் திரும்ப எடுத்துச் செல்வார்கள். உங்கள் பகுதி நூலகத்தில் அந்தத் தன்னார்வலர் யார் என்று விசாரியுங்கள். எவரும் இல்லாவிட்டால் தெருவில் கல்லூரி போகும் பிள்ளை ஒன்றைச் சேர்த்துவிடுங்கள். புத்தகம் வாசகரைத் தேடிப் போவது நமக்குப் புதிதன்று. 1931-இலேயே மன்னார்குடியில் எஸ்.வி. கனகசபைப் பிள்ளை மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிச் சுற்றுப்புறக் கிராமங்களுக்கு அனுப்பினார். மாமியாரிடம், வேண்டிய நூல்களின் பெயர்களை ஐந்து ஐந்தாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் எழுதி அது நூலகத்தில் இல்லாமற்போனால், கொண்டுவருபவர் கைக்குக் கிடைத்ததைக் கொண்டுவந்துவிடுவார். அநேகமாக அது சுயமுன்னேற்ற நூலாக இருக்கும்.

கேள்வி: மறைந்த என் தந்தை சேர்த்த புத்தகங்கள் ஐந்நூறுக்கு மேல். நூலகத்துக்குத் தரப் போனால் தயங்குகிறார்கள். இலவசமாகக் கொடுத்தும் ஏன் இந்த அலட்சியம்?
— காரைக்குடி

பதில்: உங்கள் வருத்தத்தில் பங்கு கொள்கிறேன், நூலகரின் தயக்கத்துக்கும் காரணம் உண்டு. வரும் ஒவ்வொரு நூலையும் பதிவேட்டில் ஏற்றி, எண் எழுதி, முத்திரையிட்டு, அடுக்க இடம் காண வேண்டும். ஏற்றிய பிறகு அது காணாமற்போனால் அவர்தான் பொறுப்பு. மேலும், நன்கொடை என்ற பெயரில் எங்களுக்கு வரும் மூட்டைகளில் பெரும்பகுதி பழைய பாடத்திட்ட வழிகாட்டிகளும் கரையான் ருசி பார்த்தவையுமாகவே இருக்கும். மூட்டையாகக் கொண்டுபோகாமல் பெயர், ஆசிரியர், ஆண்டு மூன்றையும் பட்டியலாக எழுதிக் கொண்டுபோங்கள்; தம்மிடம் இல்லாதவற்றை அவர் ‘டிக்’ செய்து கேட்பார்.

பட்டியல் எழுதும்போது, 1950-க்கு முந்தைய பதிப்புகள், பைண்டு செய்த இதழ்கள், தலபுராணங்கள், நாடக நோட்டீஸ்கள், பாட்டுப் புத்தகங்கள், கல்யாணப் பத்திரிகைகள் ஆகியவற்றைத் தனியே எடுத்து வையுங்கள். அவற்றைப் பழைய பேப்பர் கடையில் போட்டுவிடாதீர்கள். உங்கள் பக்கத்துக் கோட்டையூரில் ரோஜா முத்தையா இவற்றையெல்லாம் வாழ்நாள் முழுதும் சேர்த்து வைத்ததால்தான், அவர் மறைவுக்குப் பின் சென்னையில் அவர் பெயரால் ஆராய்ச்சி நூலகமே எழுந்தது. முதலில் அவர்களுக்குப் பட்டியலை அனுப்பிப் பாருங்கள். பக்க ஓரங்களில் உங்கள் தந்தை பென்சிலால் குறிப்பு எழுதிய புத்தகங்கள் இருந்தால் அவற்றை எவருக்கும் கொடுக்காமல் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். கரையான் கண்டவற்றை மற்றவற்றோடு சேர்க்காமல் வேறு பெட்டியில் போட்டு, நல்ல நிழலில் இரண்டு நாள் உலர்த்துங்கள். நேர்வெயிலில் வைத்தால் பழைய தாள் அப்பளமாக நொறுங்கிவிடும்.